காளானும் பாட்டும்

1962ஆம் ஆண்டின் பிற்பகுதி. தெற்கு மெக்சிகோவில், வஹாக்கா மாநிலத்தின் மசாதெக் மலைத்தொடரில் உள்ள ஹுவாவுத்லா என்ற ஊருக்கு ஆல்பர்ட் ஹாஃப்மன் வந்திருந்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். எல்எஸ்டியை முதன்முதலில் உருவாக்கியவர். இந்த முறை அவர் எடுத்துவந்தது சைலோசைபின் மாத்திரைகள். அந்த மலைகளில் முளைக்கும் காளானிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் அவர் பிரித்தெடுத்து, பிறகு ஆய்வகத்திலேயே செய்யக் கற்றுக்கொண்ட பொருள் அது. மசாதெக் மக்கள் அந்தக் காளானைக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்த்துவந்தார்கள். அவர்களுள் பெயர்பெற்ற மூதாட்டி மரியா சபினா. காளானும் மாத்திரையும் ஒன்றுதானா என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவே ஹாஃப்மன் இத்தனை தூரம் வந்திருந்தார்.

இரவில் சடங்கு தொடங்கியது. மாத்திரையை விழுங்கி அரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. கூடியிருந்தவர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. காளானை மெல்லும்போது அதன் சத்து வாயின் உட்சவ்வு வழியாகவே உடலுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். மாத்திரையோ வயிற்றுக்குப் போய்க் கரைந்தாக வேண்டும். தாமதத்துக்கு அதுவே காரணம் என்று ஹாஃப்மன் ஊகித்தார். மேலும் சில மாத்திரைகள் கொடுத்தார். பிறகு மரியா சபினா பாட ஆரம்பித்தார். பாட்டு இரவு முழுக்க நீண்டது. விடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் சொன்னது இதுதான்: காளானுக்குள் இருக்கும் சக்திதான் மாத்திரைக்குள்ளும் இருக்கிறது, வித்தியாசமில்லை. ஹாஃப்மன் ஒரு குப்பி மாத்திரையை அவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். காளான் முளைக்காத மாதங்களிலும் இனி நோயாளிகளைக் கவனிக்கலாம் என்று மூதாட்டிக்கு மகிழ்ச்சி.

வேதியியல் வரலாற்றில் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டு பார்த்தால், அந்த இரவில் மாற்றப்பட்டது ஒன்றே ஒன்று: காளானின் இடத்தில் மாத்திரை. இருட்டு இருந்தது. பாட்டு இருந்தது. கேட்க வேண்டிய கேள்வியோடு வந்தவர்களும், அவர்களுக்காக விழித்திருக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தார்கள். மாத்திரையை வைத்துக்கொண்டு பாட்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சோதனையை அன்று யாரும் செய்யவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகளில் அறிவியல் அதைத்தான் துண்டு துண்டாகச் செய்துவந்திருக்கிறது.

மசாதெக் மக்களின் இந்த இரவுச் சடங்குக்கு ஸ்பானிய மொழியில் வெலாடா என்று பெயர். பொழுதுபோக்குக்காக யாரும் வெலாடா நடத்துவதில்லை. வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய், அல்லது ஏதோ தொலைந்துபோனது, அல்லது ஊரைவிட்டுப் போனவரைப் பற்றித் தகவல் இல்லை. இப்படி ஏதாவது காரணம் இருக்க வேண்டும். காளான்கள் மழைக்காலத்தில் பறிக்கப்படும். கோப்பால் என்ற மரப்பிசினின் புகையில் காட்டி, இணை இணையாக எண்ணிக் கொடுப்பார்கள். சடங்குக்கு முன்னும் பின்னும் நான்கு நாட்கள் உடலுறவு விலக்கு. சுண்ணாம்பு கலந்து அரைத்த புகையிலையை உடலில் பூசுவதும் உண்டு. பிறகு மெழுகுவர்த்தியை அணைத்துவிடுவார்கள். இருட்டில் வைத்தியர் பாடுவார், கைதட்டுவார், தான் யார் யார் என்று நீளமாகச் சொல்லிக்கொண்டு போவார், கத்தோலிக்கப் புனிதர்களையும் மலைக்கு அதிபதியான தெய்வத்தையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார்.

இந்தச் சடங்கில் காளானைத் தின்றே ஆக வேண்டியவர் வைத்தியர். நோயாளியும் தின்னலாம்; ஆனால் நோயின் வேர் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்துவரும் வேலை வைத்தியருடையது. இன்றைய மருத்துவமனை ஆய்வுகளில் இது தலைகீழ்: மருந்து நோயாளிக்கு, தெளிவு சிகிச்சையாளருக்கு. சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு மசாதெக் முறை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. மெலிந்துபோன மகளுக்கு என்ன குறை என்று அறியத் தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். வெறியாடுவது வேலன், பெண் அல்ல. அங்கே காளான் கிடையாது. பறையும் பாட்டும் ஆட்டமும் மட்டுமே ஒரு மனிதரின் நினைவை வேறொரு நிலைக்குக் கொண்டுபோகின்றன. மூளையின் நிலையை மாற்ற மூலக்கூறு ஒரு வழி. அது ஒன்றே வழி என்று எந்தப் பழைய சமூகமும் நினைத்ததில்லை.

காளான் சடங்கு வெளியுலகத்துக்குத் தெரியவந்த விதம் அழகானதல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே பெர்னார்தினோ தெ சாஹகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, அஸ்டெக் மக்கள் ஒருவகைக் காளானைத் தின்று காட்சிகள் காண்பதை எழுதிவைத்தார். திருச்சபை அதைச் சாத்தானின் வேலை என்று ஒடுக்க, சடங்கு மலைகளுக்குள் மறைந்தது. எவ்வளவு ஆழமாக மறைந்தது என்றால், 1915இல் வில்லியம் சாஃபர்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், அப்படியொரு காளானே கிடையாது, துறவிகள் காய்ந்த பெயோட்டே கள்ளியைக் காளான் என்று நினைத்துவிட்டார்கள் என்று எழுதினார், பலரும் நம்பினார்கள். 1930களின் இறுதியில் ரிச்சர்ட் இவான்ஸ் ஷுல்ட்ஸ் என்ற தாவரவியலாளர் ஹுவாவுத்லா பகுதிக்குப் போய்க் காளான் மாதிரிகளைக் கொண்டுவந்த பிறகே அந்தத் தவறு திருந்தியது.

1955 ஜூன் 29 இரவு, ஜே.பி. மார்கன் வங்கியின் துணைத் தலைவர் கார்டன் வாஸன், மரியா சபினாவின் வெலாடாவில் கலந்துகொண்டார். வாஸனின் மனைவி வலென்டினா ரஷ்யாவில் பிறந்த குழந்தை மருத்துவர். உலக மக்கள் காளானோடு கொண்ட உறவைப் பற்றி இருவரும் பல ஆண்டுகளாகத் தகவல் சேர்த்துவந்தார்கள். நோய்க்காகவோ கவலைக்காகவோ மட்டுமே வெலாடா நடக்கும் என்பது வாஸனுக்குத் தெரியும். அதற்கு முன்பு ஒருமுறை வேறொரு வைத்தியரிடம், அமெரிக்காவில் இருக்கும் தன் மகனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று சொல்லித்தான் சடங்கை நடத்தவைத்தார். 1957 மே 13 தேதியிட்ட லைஃப் இதழில் அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. மரியா சபினாவின் பெயரை மாற்றியிருந்தார். புகைப்படங்களை மாற்ற முடியவில்லை. இடையில் 1956இல் அவரோடு பயணம் செய்த ஒரு வேதியியலாளர் அமெரிக்க உளவுத்துறையின் ஆள். மனத்தைக் கட்டுப்படுத்தும் பொருள்களைத் தேடிய எம்கே-அல்ட்ரா திட்டத்தின் பணம், ஒரு அறக்கட்டளையின் பெயரில் அந்தப் பயணத்துக்கு வந்திருந்தது. ஒரே காளானைத் தேடி நம்பிக்கையும் ஆர்வமும் உளவும் ஒரே மலைப்பாதையில் ஏறின.

பாரிஸைச் சேர்ந்த காளான் ஆய்வாளர் ரோஜே எய்ம் அந்தக் காளான்களை இனம் பிரித்துப் பெயரிட்டு, ஆய்வகத்தில் வளர்த்து, பாசலுக்கு அனுப்பினார். எந்தப் பகுதியில் வீரியம் இருக்கிறது என்று விலங்குகளில் சோதித்தபோது தெளிவான விடை கிடைக்கவில்லை. ஹாஃப்மன் 32 காய்ந்த காளான்களைத் தானே தின்றார். அதற்குப் பிறகு அவரும் சக ஊழியர்களும் ஒவ்வொரு பிரிவையும் தங்கள் மேலேயே சோதித்து, 1958இல் சைலோசைபினையும் சைலோசினையும் கண்டெடுத்தார்கள்.

சைலோசைபின் நேரடியாக மூளையில் வேலை செய்வதில்லை. உடலுக்குள் போனதும் அதிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதி கழன்றுவிடுகிறது. மீதமாகும் சைலோசின்தான் மூளைக்குள் நுழைகிறது. அதன் வடிவம், மூளையில் இயல்பாகவே உள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளுக்கு மிக நெருக்கமானது. ஆகவே செரோடோனின் உட்காரும் ஏற்பிகளில், குறிப்பாக 5எச்டி2ஏ என்ற ஏற்பியில், அது போய் உட்காருகிறது. பெருமூளைப் புறணியின் ஐந்தாவது அடுக்கில் உள்ள பெரிய நரம்பணுக்களில் இந்த ஏற்பி நிறைய இருக்கிறது. 1998இல் சூரிச் நகரில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடரின் குழு, கெட்டான்செரின் என்ற மருந்தால் அந்த ஏற்பியை முன்கூட்டியே அடைத்துவிட்டுச் சைலோசைபின் கொடுத்தது. காட்சிகள் வரவில்லை. பல நூற்றாண்டுகளாகத் தெய்வத்தின் குரல் என்று கருதப்பட்ட ஒன்று ஒரு புரதத்தின் கதவை நம்பியிருக்கிறது என்பது அன்று உறுதியானது. இதனால் அந்த அனுபவம் மதிப்பிழந்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாயின் முகத்தை அடையாளம் காண்பதும் சில புரதங்களின் வேலைதான்.

அடுத்து என்ன நடக்கிறது? மூளையின் தொலைவான பகுதிகள் ஓய்வு நேரத்திலும் ஒரே கதியில் துடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு கூட்டம், நாம் நம்மைப் பற்றி யோசிக்கும்போதும் பழசை நினைக்கும்போதும் சேர்ந்து இயங்குகிறது. இயல்புநிலை வலையமைப்பு என்று அதற்குப் பெயர். 2024இல் நேச்சர் இதழில் வெளிவந்த செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு, ஆரோக்கியமான ஏழு பேரை மருந்துக்கு முன்பும், மருந்தின்போதும், பின்பும் திரும்பத் திரும்பப் படம்பிடித்தது. கும்மியடிக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் திடீரென்று தத்தம் தாளத்துக்குத் தட்ட ஆரம்பித்தால் எப்படியிருக்குமோ, அப்படி மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று கொண்டிருந்த ஒத்திசைவை இழந்தன. இந்த வலையமைப்பில்தான் குலைவு மிக அதிகம். பெரும்பகுதி மறுநாளே பழைய நிலைக்குத் திரும்பியது. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பசின் முன்பகுதிக்கும் இந்த வலையமைப்புக்கும் இடையிலான பிணைப்பு மட்டும் வாரக்கணக்கில் தளர்ந்தே இருந்தது.

அதே ஆய்வில் பலரும் கவனிக்காமல் போகும் ஒரு தகவல் உண்டு. மருந்தின் உச்சத்தில் இருந்தவர்களுக்கு ஒரு எளிய வேலை கொடுத்தார்கள்: ஒலியும் படமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியே உள்ள ஒன்றின்மேல் கவனம் நின்றதும் குலைவு குறைந்தது. மூலக்கூறு அதேதான், அளவும் அதேதான். வெளியிலிருந்து வந்த ஒரு பிடிமானம் மூளையின் நிலையை மாற்றியது. இருட்டில் விடாமல் பாடிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் இருந்த மூதாட்டி நோயாளிக்கு எதைக் கொடுத்தார் என்று யோசிக்கும்போது இந்தப் படங்கள் என் நினைவுக்கு வருகின்றன.

சூழலின் பங்கை முதலில் அளக்க முயன்றவர்களில் ஒருவர் மானுடவியலாளர் ஆந்தனி வாலஸ். 1959இல் அவர் இரண்டு விவரத் தொகுப்புகளை ஒப்பிட்டார். ஒன்று, தங்கள் மதச் சடங்கில் பெயோட்டே தின்ற அமெரிக்கப் பழங்குடிகளின் அனுபவம். மற்றது, ஆய்வகத்தில் அதன் வேதிப்பொருளான மெஸ்கலினை எடுத்துக்கொண்ட வெள்ளையர்களின் அனுபவம். ஆய்வகத்தில் பதற்றம், அளவுமீறிய மகிழ்ச்சி, கட்டுப்பாடு குலைவது. சடங்கில் பக்தி, நோயிலிருந்து ஆறுதல். பொருள் கிட்டத்தட்ட ஒன்று; கிடைத்தது வேறு வேறு.

1962 ஏப்ரல் 20, புனித வெள்ளி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் தேவாலயத்தில் வால்டர் பாங்க் என்ற மருத்துவர் தன் ஹார்வர்டு முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை நடத்தினார். இறையியல் மாணவர்கள் இருபது பேர். பத்துப் பேருக்கு 30 மில்லிகிராம் சைலோசைபின். மற்ற பத்துப் பேருக்கு உடம்பைச் சூடாக்கிச் சிவக்கவைக்கும் நிகோடினிக் அமிலம். மேலே பிரதான தேவாலயத்தில் ஹோவர்ட் தர்மன் நடத்திய ஆராதனை, கீழே இவர்கள் இருந்த சிறிய ஆலயத்துக்கு ஒலிபெருக்கி வழியாக வந்தது. சைலோசைபின் உட்கொண்டவர்களில் பெரும்பாலானோர் மறைஞானிகள் எழுதிவைத்ததைப் போன்ற அனுபவத்தைச் சொன்னார்கள். எல்லாம் ஒன்று என்ற உணர்வு, காலம் நின்றுபோனது, சொல்லில் அடங்காத அமைதி. யாருக்கு எது கிடைத்தது என்பது சிறிது நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துபோனது. அந்தச் சிக்கல் இன்றுவரை இந்தத் துறையை விட்டுப் போகவில்லை.

பாங்கின் அறிக்கை ஒன்றைச் சொல்லாமல் விட்டது. சுமார் கால் நூற்றாண்டு கழித்து அந்த மாணவர்களைத் தேடிப்பிடித்துப் பேசிய ரிக் டாப்ளின், 1991இல் அதை வெளியிட்டார். மருந்து எடுத்தவர்களில் ஒருவர், உலகத்துக்கு ஒரு செய்தியை அறிவிக்கத் தான் தேர்ந்தெடுக்கப்பட்டதாக நம்பித் தெருவுக்கு இறங்கிவிட்டார். அவரைப் பிடித்துவந்து மனநோய்க்கான குளோர்புரோமசின் ஊசி போட வேண்டியிருந்தது. புனிதமான இடம், புனிதமான நாள், இறைவனைத் தேடும் நல்ல இளைஞர்கள். இத்தனை இருந்தும் ஒருவருக்கு அந்த அனுபவம் கொடுமையாக முடிந்தது. அந்த உண்மையை மறைத்தது பெரிய தவறு. சூழல் முக்கியம் என்று சொல்பவர்கள் இந்த மாணவரை மறக்கக் கூடாது. நல்ல சூழல் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

இந்தக் கேள்வியை மறுபக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 33 மாணவர்களை ஓர் அறையில் கூட்டினார்கள். ஓவியங்கள், வண்ண விளக்குகள், இசை. சைலோசைபின் போன்ற ஒரு மருந்து என்று சொல்லிக் கொடுத்தது, மருந்தே இல்லாத மாத்திரை. மயக்கம் வந்ததுபோல் நடிக்கச் சிலரை ஏற்பாடு செய்து கூட்டத்தில் கலந்துவிட்டிருந்தார்கள். முடிவில் 61 விழுக்காட்டினர் ஏதோ ஒரு விளைவை உணர்ந்ததாகச் சொன்னார்கள். சிலருக்கு ஓவியங்கள் அசைந்தன. காளான் இல்லாத பாட்டுக்கும் இவ்வளவு வலு.

1960களின் இறுதியில் கதவுகள் மூடப்பட்டன. ஹார்வர்டிலிருந்து வெளியேற்றப்பட்ட உளவியலாளர் டிமொத்தி லியரி எல்லோரையும் இந்தப் பொருள்களை எடுத்துக்கொள்ளும்படி அழைத்ததும், இளைஞர் போராட்டங்களைக் கண்டு அரசு அஞ்சியதும், சரியான கண்காணிப்பில்லாமல் எடுத்தவர்கள் பாதிக்கப்பட்டதும் சேர்ந்து, 1970இல் அமெரிக்கச் சட்டமும் 1971இல் ஐநா உடன்படிக்கையும் வந்தன. ஆய்வுகள் ஏறக்குறைய நின்றன. தடைக்கு முன் மேரிலாந்தில் புற்றுநோயாளிகளுக்கு எல்எஸ்டி கொடுத்து ஆராய்ந்த குழுவில் ஹெலன் பானி என்ற இசைச் சிகிச்சையாளர் இருந்தார். அனுபவத்தின் எந்தக் கட்டத்தில் எப்படிப்பட்ட இசை வேண்டும் என்று அவர் பாங்குடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1972இல் வெளிவந்தது. மருந்து தடைசெய்யப்பட்டபின் அவர் மருந்தை விட்டுவிட்டு இசையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அதே மேரிலாந்துக் குழுவில் வேலை செய்த பில் ரிச்சர்ட்ஸ்தான், பிற்பாடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் ஆய்வைத் தொடங்கியபோது கூடவே நின்றார். 2006இல் வெளிவந்த அந்த ஆய்வில் 36 பேர். வீட்டு வரவேற்பறைபோல் அமைத்த அறை, சோபா, கண்மறைப்பு, காதில் தேர்ந்தெடுத்த இசை, இரண்டு துணைவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அதைத் தங்கள் வாழ்க்கையின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களில் ஒன்றாகவோ முதலாவதாகவோ சொன்னார்கள். அதே ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கடும் அச்சத்தையும் சந்தித்தார். துணைவர்கள் அருகில் இருந்ததால் அந்த அச்சம் யாருக்கும் நிலையான தீங்காக முடியவில்லை.

மரணத்தை எதிர்கொள்பவர்களிடம் இந்த மருந்து செய்வதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. 2016இல் ஹாப்கின்ஸில் 51 பேரிடமும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 29 பேரிடமும் நடந்த ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. எல்லோரும் புற்றுநோய் காரணமாக மனச்சோர்விலும் பயத்திலும் இருந்தவர்கள். ஒரு முறை அதிக அளவு சைலோசைபின், முன்னும் பின்னும் உரையாடல். ஹாப்கின்ஸில் ஆறு மாதம் கழித்தும் ஐந்தில் நால்வருக்கு அச்சமும் சோர்வும் கணிசமாகக் குறைந்திருந்தன. கட்டி சுருங்கவில்லை, ஆயுள் கூடவில்லை. சாவைப் பற்றி அவர்களால் பேச முடிந்தது.

1958 ஜூலையில் மரியா சபினா நடத்திய ஒரு வெலாடாவை வாஸன் முழுதாக ஒலிப்பதிவு செய்தார். பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்காக நடந்தது அது. இரவு முழுக்கப் பாடித் தேடியபின், அவன் பிழைக்க மாட்டான் என்பதே அவருக்குக் கிடைத்த விடை. அதை அவர் மறைக்கவில்லை. பையன் அதன்பின் அதிக நாள் வாழவில்லை. குணமாக்க முடியாதபோது உண்மையைச் சொல்வதும், சொல்லிவிட்டுக் கூடவே இருப்பதும் அவருடைய வைத்தியத்தில் சேர்த்திதான். மருந்தின் அற்புதங்களை மட்டும் எழுதுபவர்கள் இந்த இரவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இசை வெறும் அலங்காரமா? லண்டனில் மெண்டல் கேலன் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வேறு சிகிச்சைகளுக்கு அடங்காத மனச்சோர்வு கொண்டவர்களைப் பார்த்தது. மருந்து எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதைக் கொண்டு ஒரு வாரம் கழித்து யார் தேறியிருப்பார் என்று சொல்ல முடியவில்லை. ஒலித்த இசையை அவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கொண்டு சொல்ல முடிந்தது. இருபது பேர்கூட இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனால் அது காட்டும் திசை தெளிவு. எந்த இசை என்பது அவ்வளவு முக்கியமில்லை என்றும் தோன்றுகிறது. ஹாப்கின்ஸில் புகைப்பழக்கத்தை விட முயன்ற ஒரு சிறு குழுவிடம் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குப் பதில் மணிகளும் கிண்ணங்களும் எழுப்பும் ஒலிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, பலனில் பெரிய வேறுபாடு இல்லை.

பெரிய ஆய்வுகளுக்கு வரும்போது எண்கள் அடக்கமாகின்றன. 59 பேரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஒப்பீட்டில், வழக்கமான மனச்சோர்வு மருந்தான எசிடலோபிராமை முதன்மை அளவுகோலில் சைலோசைபினால் வெல்ல முடியவில்லை. 233 பேர் கலந்துகொண்டு 2022இல் வெளிவந்த ஆய்வில் 25 மில்லிகிராம் ஒற்றை வேளை மூன்றாவது வாரத்தில் மனச்சோர்வு மதிப்பெண்ணை 12 புள்ளிகள் குறைத்தது. வெறும் 1 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு 5.4. பன்னிரண்டாவது வாரத்துக்குள் பலன் பலரிடம் தேய்ந்துவிட்டது. சிலரிடம் தற்கொலை எண்ணம் தலைகாட்டியதும் பதிவானது. மனச்சிதைவு வரலாறு உள்ள குடும்பத்தினரை இந்த ஆய்வுகள் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன. வெளியே அப்படி வடிகட்ட ஆளில்லை. மூளையின் பிடி தளரும்போது மனம் மெழுகாகிறது, பக்கத்தில் இருப்பவரின் சொல் ஆழமாகப் பதிகிறது. அந்த நிலையைச் சிகிச்சையாளரே தவறாகப் பயன்படுத்தியதும் நடந்திருக்கிறது. கனடாவில் எம்டிஎம்ஏ என்ற வேறொரு மருந்தைப் பற்றிய ஆய்வொன்றில் நோயாளியிடம் எல்லை மீறிய சம்பவம் ஒளிப்பதிவில் வெளிவந்தது. பாட்டுக்கு வலு உண்டு என்றால் பாடுபவருக்கும் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை யார் கண்காணிப்பது என்பதை மருந்தின் அளவைப் போலவே கவனமாக வகுக்க வேண்டும்.

கொடைக்கானலில் போதைக் காளான் விற்பதும், விற்றவர்களும் வாங்கியவர்களும் கைதாவதும் நாளிதழ் படிப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. சைலோசைபின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. காட்டில் ஒன்றைப் போலவே இன்னொன்று தோன்றும். கல்லீரலை அழிக்கும் அமாடாக்சின் நஞ்சுள்ள காளான்கள் சமைத்தாலும் நஞ்சாகவே இருக்கும். சரியான காளானே கிடைத்தாலும், விடுதி அறையில் நண்பர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் தின்றுவிட்டால் அங்கே விழித்திருந்து கவனிக்க யாருமில்லை. மசாதெக் மலையின் விதிகள் எல்லாமே அந்த ஒரு நிலையைத் தவிர்க்கத்தான் இருக்கின்றன.

அந்த மலைக்கு என்ன ஆனது? லைஃப் கட்டுரைக்குப் பிறகு ஹுவாவுத்லாவுக்கு வெளிநாட்டவர் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். நோய் எதுவும் இல்லாமல், கடவுளைக் காண வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பிறகு காவல்துறையும் ராணுவமும் வந்தன. ரகசியத்தை விற்றுவிட்டதாக ஊரார் மரியா சபினாவை வெறுத்தார்கள். அவருடைய வீடு எரிக்கப்பட்டது. அந்நியர் வந்த பின் காளான்கள் தம் வலுவை இழந்துவிட்டன என்று அவர் முதுமையில் சொன்னார். 1985 நவம்பரில் வறுமையில் இறந்தார். இன்று செயற்கைச் சைலோசைபினின் ஒரு படிக வடிவத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை இருக்கிறது. வீரியம் அதேதானா என்ற கேள்விக்கு முதல் சான்று வழங்கியவர் அந்த மூதாட்டி. அவருடைய மக்களுக்குப் பங்கு கொடுக்காமல் இந்தத் துறை வளர்வது நியாயமல்ல.

இப்போது துறையில் சூடான விவாதம், மயக்கமும் காட்சிகளும் இல்லாத மருந்தைச் செய்ய முடியுமா என்பது. யேல் பல்கலைக்கழகத்தில் 2021இல், ஒரே ஒரு வேளை சைலோசைபின் பெற்ற எலிகளின் முன்மூளையில் நரம்பணு இணைப்பு முட்கள் சுமார் பத்து விழுக்காடு கூடின. ஒரு மாதம் கழித்தும் அதன் அடையாளம் இருந்தது. குணமாக்குவது இந்த வளர்ச்சிதான் என்றால் காட்சிகள் எதற்கு, பாட்டு எதற்கு, எட்டு மணி நேரம் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது எதற்கு என்று கேட்கிறார் கலிஃபோர்னியாவின் டேவிட் ஓல்சன். மயக்கம் தராத மூலக்கூறுகளை அவர் உருவாக்கியும் இருக்கிறார். மேரிலாந்தில் எலிகளுக்குக் கெட்டான்செரின் கொடுத்து 5எச்டி2ஏ ஏற்பியை அடைத்த பிறகும், மனச்சோர்வைப் போக்கும் பலன் போலத் தோன்றிய மாற்றம் நிற்கவில்லை. என் பக்கத்தை ஆட்டும் சான்று இது. எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் எலியிடம் கேட்க முடியாத கேள்விகள் உண்டு. 2023இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களாய் வேறு காரணத்துக்காக அறுவைச் சிகிச்சைக்கு வந்த நாற்பது பேரை மயக்கத்தில் ஆழ்த்தியபின், சிலருக்குக் கெட்டமினும் சிலருக்கு உப்புநீரும் செலுத்தினார்கள். கெட்டமின் வேறு வகை மருந்து. ஆனால் அதன் அனுபவம் யாருக்கும் தெரியாமல் போக வேண்டும் என்றால் இதுவே வழி. இரண்டு குழுக்களும் ஒரே அளவு தேறின, அதுவும் கணிசமாகத் தேறின. உப்புநீர் பெற்றவர்களுக்கும் அறுவைக்கு முன் யாரோ ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அவர்களுடைய துயரத்தைக் கேட்டிருந்தார்.

மூலக்கூறு ஒன்றும் செய்வதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். ஏற்பியை அடைத்தால் காட்சி நிற்கிறது. அது கண்ணுக்கு முன் உள்ள உண்மை. என் நிலை இது: சைலோசைபின் சில மணி நேரம் மனத்தின் பழைய பிடிகளைத் தளர்த்துகிறது, அந்த மணிகளில் என்ன நுழைகிறது என்பதை அறையில் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். மருந்து நிறுவனங்களின் கணக்கில் அந்த மனிதர்கள் செலவு; குறைக்க வேண்டிய தொகை. ஆரெகான் மாநிலம் 2020இல் மக்கள் வாக்கெடுப்பில் சைலோசைபினை அனுமதித்தபோது, உரிமம் பெற்ற துணைவர் ஒருவர் உடன் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. 2023 ஜூலை முதல் மனநல மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்க ஆஸ்திரேலியா வழிவிட்டபோது, தனி அங்கீகாரம் பெற்ற மருத்துவர்களுக்கு மட்டுமே வழிவிட்டது. அடுத்து எந்த நாடு அனுமதித்தாலும், தகுதி பெற்ற ஒருவர் உடன் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி அப்படியே இருக்க வேண்டும், செலவு எவ்வளவு ஆனாலும்.